பனிமனிதனைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள்

சேர்வராயன் மலைப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பெடுக்கும் சார்களுக்கும் டீச்சர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னைப் பார்த்த ஞாபகம் இருக்கலாம். சேலத்திலிருந்து வரும் காலை பஸ்ஸில், சுருட்டிய சார்ட் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் முடியும் வரை கண்ணை மூடியபடி வருகிற டிராயிங் டீச்சர் நான்தான். பகுதி நேரம், வாரத்துக்கு மூன்று அரை நாள். 2012-இல் எங்களை வேலைக்கு எடுத்தபோது போட்ட கணக்கு அது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பேச்சு வேறு எங்கோ போய்விடும். அது சென்னைக்கு எழுத வேண்டிய மடல். இது உங்களுக்கு.

விஷயம் ஒரு சார்ட்டைப் பற்றியது. உங்கள் வகுப்பறைச் சுவரிலும் இருக்கும், பாருங்கள். ஒரே மரத்தை நான்கு தடவை வரைந்திருப்பார்கள். முதல் மரத்தில் ரோஸ் பூ, அடுத்ததில் பச்சை இலை, மூன்றாவதில் ஆரஞ்சு நிற இலைகள் உதிர்ந்துகொண்டிருக்கும், நான்காவது மொட்டை. அதன் கிளையெல்லாம் வெள்ளை, அடியில் கேரட் மூக்கு வைத்த பனிமனிதன். வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம். டிராயிங் பீரியட் வந்தால் இந்த சார்ட்டைக் காட்டி, "பருவ காலம் வரைங்க" என்று சொல்லிவிட்டு நாம் வருகைப் பதிவேட்டை முடிக்க உட்கார்ந்துவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன், அதனால் குற்றம் சாட்டும் உரிமை எனக்கு அரைவாசிதான்.

ஒரு மார்கழிக் காலை. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. மூடுபனி வகுப்புக்குள்ளேயே வந்து பெஞ்சையெல்லாம் ஈரமாக்கியிருந்தது. அன்றைக்கு மூன்றாம் வகுப்பு டீச்சர் லீவு என்பதால் என்னை அங்கே அனுப்பினார்கள். ஜெராக்ஸ் போட்ட பனிமனிதன் தாள் ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் கேரட்டுக்கு ஆரஞ்சு, தொப்பிக்குக் கறுப்பு என்று தீட்டி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். உடம்பு வெள்ளை, தாளும் வெள்ளை. தீட்ட ஒன்றுமில்லை. ஒரு பெண் மட்டும் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் வரிசையாகச் சில்வர் ஓக் மரங்களை வரைந்தாள். நன்றாகவே வரைந்தாள். அப்புறம் ரப்பரை எடுத்து, வரைந்ததைப் பாதிப் பாதியாக அழிக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா அழிக்கிற? நல்லாத்தானே இருக்கு?"

"பனி போடுறேன் டீச்சர்."

ரப்பர் இழுத்த இடத்தில் பென்சில் கரி மெல்லப் பரவிச் சாம்பலாக நின்றது. பக்கத்து மரம் கறுப்பு, அடுத்தது வெளிறல், அதற்கும் பின்னால் இருப்பது இருக்கிறதா இல்லையா என்பது போல ஒரு கோடு. ஜன்னலுக்கு வெளியே இருந்தது அப்படியே தாளில் இருந்தது. ஓவியக் கல்லூரியில் தூரத்தைக் காட்டுவது எப்படி என்று எனக்கு ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக் கொடுத்ததை, அவள் ஐந்து ரூபாய் ரப்பரால் செய்துவிட்டாள்.

பனி என்ற சொல்லைக் கேட்டதும் அவள் மனதில் வந்தது அவளுக்குத் தெரிந்த பனி. பஸ்ஸின் ஹெட்லைட்டை மறைப்பது, காயப்போட்ட துணியைக் காயவிடாதது, காப்பி இலையில் சொட்டி நிற்பது. சார்ட்டில் இருக்கும் பனியை அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, சார்ட்டை அச்சடித்தவரும் பார்த்திருப்பாரா என்று சந்தேகம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் ஏமாந்துபோகிறோம்.

ஆரஞ்சு இலை பொய் என்று சொல்லவில்லை. அது அந்த ஊரில் நிஜம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செப்டம்பர், அக்டோபரில் பகல் குறைந்து குளிர் ஏறும்போது மரம் இலையில் இருக்கும் பச்சையத்தைச் சிதைத்து, சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, சில மரங்கள் அதை அந்தக் கடைசி வாரங்களில் புதிதாகவே உண்டாக்குகின்றன. அங்கே உள்ள பிள்ளைகள் அந்த இலைகளைப் பொறுக்கி வந்து நிறம் கலக்கவும், நரம்பைத் தடவிப் பார்க்கவும், தாளுக்கடியில் வைத்துத் தேய்த்து எடுக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். நல்ல பாடம். அந்தப் பாடத்தில் முக்கியமானது வாசலில் கிடந்த இலையைப் பொறுக்கியது. நாம் அதை விட்டுவிட்டு ஆரஞ்சு நிறத்தை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

நம் வாசலில் என்ன கிடக்கிறது?

நம் காடும் இலை உதிர்க்கிறது. ஆனால் குளிருக்காக இல்லை, தண்ணீர் இல்லாததற்காக. மாசியில் பஸ்ஸில் ஏறி வரும்போது கீழ் வளைவுகளில் கண்ணைத் திறந்து பார்த்தால் (நானே சில நாள் திறக்கிறேன்) சரிவு முழுக்கச் சருகும் குச்சியுமாக நிற்கிறது. மேலே ஏற ஏறப் பச்சை வருகிறது. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இரண்டு பருவம். இதே நேரத்தில் எஸ்டேட்டுக்குள் கல்யாண முருங்கை இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் கிளையில் செக்கச்செவேலென்று பூத்திருக்கும். இலையுதிர் காலத்தையும் வசந்தத்தையும் ஒரே மரம் ஒரே வாரத்தில் காட்டுகிறது. அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று சார்ட் போட்டவரிடம் கேட்க வேண்டும். கீழே சேலத்தில் பல பள்ளி மைதானங்களில் நாட்டு வாதாம் மரம் இருக்கிறது. அதன் இலை விழுவதற்கு முன் பழுத்து ரத்தச் சிவப்பாகும், ஒரே இலையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றையும் பார்க்கலாம். சிவப்பு இலைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு அது ஒன்று போதும். மாமரமோ நேரெதிர். பழுத்த இலையில் இல்லாத அழகைத் தளிரில் வைத்திருக்கும். செம்பும் ரோஸும் கலந்த அந்த நிறத்துக்கு மாந்துளிர் நிறம் என்றே பெயர்.

நம் ஆட்கள் வருடத்தை நான்காகப் பிரிக்கவில்லை, ஆறாகப் பிரித்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். அதில் மலைநிலமான குறிஞ்சிக்கு உரியது கூதிரும் முன்பனியும் என்று பழைய இலக்கணம் சொல்கிறது. ஐப்பசியிலிருந்து தை வரை. அந்த நான்கு மாதமும் நம் மலையில் பனி மூடிக் கிடக்கும், காப்பி பழுக்கும், பிள்ளைகள் மூக்கை உறிஞ்சுவார்கள். இலக்கணம் எழுதியவர் ஏதோ ஒரு மலையில் குளிரில் நடுங்கியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, பாடத்துக்கு வருகிறேன். நான் செய்து பார்த்ததில் நன்றாக வந்தது எது என்றால் காப்புக் கட்டுப் பாடம்தான். போகிக்கு நம் ஊரில் எல்லா வீட்டுக் கூரையிலும் வாசலிலும் செருகுகிறோமே, வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்த அந்தக் கட்டு. அதைவிட நல்ல நிற, தொடுபரப்புப் பாடத்தை யாரும் உட்கார்ந்து யோசித்துத் தயாரிக்க முடியாது. ஒரு கைப்பிடிக்குள் மூன்று நிறம், மூன்று விதமான தொடுகை. மார்கழி கடைசி வாரத்தில் பிள்ளைகளிடம் சொன்னால் போதும், மறுநாள் மேசை நிறைந்துவிடும். பூளையும் ஆவாரையும் மேலே கிடைக்காவிட்டால் சேலத்திலிருந்து வரும் யாரிடமாவது சொல்லி வையுங்கள். அந்த வாரம் கடைவீதி முழுக்க அதுதான்.

முதலில் வரையச் சொல்லாதீர்கள். கண்ணை மூடச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு கொத்தைக் கையில் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று ஒரே சொல்லில் கேளுங்கள். நான் கேட்டபோது பூளைப்பூவுக்கு "மெதுமெது" வந்தது, "பூனைக்குட்டி" வந்தது, ஒருவன் "எங்க பாட்டி தலை" என்றான். வேப்பிலைக்கு "ரம்பம்". ஆவாரம்பூவுக்கு வெகுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பெண் "ஈர டிஷ்யூ பேப்பர்" என்றாள். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினேன். சொரசொர, வழவழ, பிசுபிசு, மொரமொர, கொழகொழ, நறநற, மொழுமொழு. இரட்டைக்கிளவியைத் தமிழ்ப் பாடத்தில் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதில் பாதி கைக்காகவே பிறந்த சொற்கள். டெக்ஸ்சர் என்பதை எப்படிப் புரியவைப்பது என்று கவலைப்படும் இளம் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன், அந்தச் சொல்லையே வகுப்புக்குள் கொண்டு போகாதீர்கள். சொரசொர என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் தெரியாது.

இப்போது வரையலாம். மெதுமெதுவை எப்படி வரைவது? கோடு போட்டால் பூளைப்பூ செத்துப்போகும். பழைய நோட்டுக்குப் போடும் பிரவுன் அட்டைத் தாளை எடுத்து, வெள்ளைச் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து, பெருவிரலால் ஒற்றி ஒற்றிப் பரப்பச் சொன்னேன். விரல்தான் பிரஷ். வேப்பிலைக்கு, இலையைப் பின்பக்கம் மேலே இருக்கும்படி தாளுக்கடியில் வைத்து, கிரேயானின் உறையை உரித்துவிட்டுப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். சின்ன வயதில் நோட்டுக்கடியில் காசை வைத்துப் பென்சிலால் தேய்த்தோமே, அதேதான். பின்பக்கம் மேலே என்பதை மறந்துவிடாதீர்கள், நரம்பு புடைத்திருப்பது அங்கேதான். பறித்த அன்றைய இலை சாறு விடும், நான்கு நாள் காய்ந்தது நொறுங்கும். ஒரு நாள் புத்தகத்துக்குள் வைத்து எடுத்தது சரியாக இருக்கும். ஆவாரம்பூவுக்கு மஞ்சளில் தொட்ட பஞ்சு உருண்டை.

முதல் வருடம் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நிஜப் பூவையே பசை தடவி ஒட்டச் சொல்லி, சுவரில் மாட்டி, தலைமை ஆசிரியரைக் கூட்டி வந்து காட்டினேன். பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் தரையெல்லாம் பூளை உதிர்ந்து, தாளில் பூஞ்சணம் பூத்து, அறைக்குள் நுழைந்தால் தும்மல். ஆயாம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. ஒட்டாதீர்கள். பார்த்து, தொட்டு, வரைந்துவிட்டு, பூவைக் கொண்டுபோய்க் கூரையில் செருகட்டும். அதன் வேலை அங்கேதான்.

நிறத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேச்சு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அம்மாப்பேட்டைத் தறிக்கார வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் லைட் பச்சை, டார்க் பச்சை என்று சொன்னால் அப்பா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை என்று சொல்ல வேண்டும். மஞ்சள் என்றால் எலுமிச்சையா, மாம்பழமா? சிவப்பென்றால் அரக்கா, குங்குமமா? கத்தரிப்பூ, வெங்காயச் சருகு, மயில்கழுத்து. இந்த மயில்கழுத்து இருக்கிறதே, அது ஒரு நூலின் நிறமே இல்லை. நெடுக்கே ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. இரண்டும் பின்னி வந்த துணியை இப்படித் திருப்பினால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை. நிறக் கலவை என்றால் என்னவென்று எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது தறிதான். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் பீரோவிலும் ஒரு மயில்கழுத்துச் சேலை இருக்கும். ஒரு நாள் கேட்டு வாங்கி ஜன்னலோரம் பிடித்துக் காட்டுங்கள்.

பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு கிரேயான் இருக்கும் பெட்டியைக் கொடுத்தால், உலகத்தில் பச்சை ஒன்றுதான், அல்லது இரண்டுதான் என்று நம்பிவிடுகிறார்கள். நான் ஒரு நாள் பச்சைக் கிரேயானையெல்லாம் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டு, மஞ்சளையும் நீலத்தையும் மட்டும் விட்டுவைத்து, பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்து வேலி வரை நடத்திக் கூட்டிப்போனேன். வெவ்வேறு பச்சையாக ஆளுக்கு ஐந்து இலை. காப்பி இலையின் எண்ணெய் தடவினாற்போன்ற கரும்பச்சை, மிளகுக் கொடி, கொய்யாத் தளிர், பலா. சில்வர் ஓக் இலையைத் திருப்பினால் பச்சையே இல்லை, அடிப்பக்கம் வெள்ளி. மலைக்கு வந்து குடியேறிய ஆஸ்திரேலிய மரம் அது, காப்பிக்கு நிழலாக வைத்தது. திரும்பி வந்து மஞ்சளின் மேல் நீலத்தை மெல்லமாகவும் அழுத்தியும் போட்டுப் பதினொரு பச்சை கண்டுபிடித்தார்கள். ஒருவன் சிவப்பைத் திருட்டுத்தனமாகச் சேர்த்து, காப்பி இலைக்கு மிக நெருக்கமாக வந்துவிட்டான். பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு, துளி சேர்த்தால் பச்சையின் பளபளப்பு அடங்கும் என்று புத்தகம் சொல்லும். அவனுக்கு அது கை தவறி வந்தது.

இந்த மலையில் நிறத்தை நம்மைவிட நன்றாகத் தெரிந்த ஆசிரியர்கள் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கிறார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து இந்த மலையின் கைகள் பழத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் சோறு தின்கின்றன. கார்த்திகை, மார்கழியில் பழம் பறிக்கும் சீசனில், ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு என்று எல்லாம் இருக்கும். எதைப் பறிக்கலாம், எதை விட வேண்டும் என்பது அம்மாவின் கண்ணுக்குத் தெரியும். பச்சையைப் பறித்தால் மேஸ்திரி சத்தம் போடுவார். நிற அடுக்கு என்று நாம் பலகையில் கட்டம் கட்டிச் சொல்லிக் கொடுப்பதை, அவர்கள் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை செய்கிறார்கள். ஒரு அம்மாவை வகுப்புக்குக் கூப்பிட்டு, ஒரு கொத்தைக் கையில் கொடுத்து, எதை எப்போது பறிப்பீர்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் வரிசையாக ஏழு வட்டம் போட்டு அந்த நிறங்களைத் தீட்டட்டும். நான் கூப்பிட்ட அம்மா முதலில் வெட்கப்பட்டார். பிறகு என் ஐந்தாவது வட்டத்தைப் பார்த்து, "இது இன்னும் ரெண்டு நாள் போகணும்" என்று திருத்திவிட்டுப் போனார்.

காசு பற்றிப் பேச்சு வரும். கிரேயான் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு அரசே தருகிறது. மூன்று முதல் ஐந்துக்குக் கலர் பென்சில். தீர்ந்துபோனால் அடுப்படி இருக்கிறது. மூன்றாம் தண்ணிக் காப்பி டிகாஷன் தாளில் பூசக் கிடைக்கும் பழுப்பு, கெட்டி டிகாஷனில் இன்னும் கருமை. மஞ்சள்தூளைக் கரைத்துப் பூசி, காய்ந்ததும் துணி சோப்புத் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் அதன் மேல் வரைந்தால் கோடு சிவப்பாக எழும். வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் கறையைத் துவைக்கும்போது எல்லாரும் பார்த்ததுதான், ஆரத்தித் தட்டிலும் இதே வித்தைதான். அங்கே சுண்ணாம்பு. பிள்ளைகள் கையில் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து, சோப்பு போதும். மண்ணும் நிறம்தான். பள்ளி மேட்டுச் செம்மண்ணைச் சலித்துக் கரைத்தால் காவி. கீழே, சேலத்துக்கும் மலை அடிவாரத்துக்கும் நடுவில் மேக்னசைட் தோண்டிக் குவித்த வெள்ளை மேடுகளை பஸ்ஸில் போகும் எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கிறது. ஒரு மலைக்குக் கீழே இவ்வளவு வெள்ளை, மேலே இவ்வளவு சிவப்பு ஏன் என்று ஒரு நாலாம் வகுப்புக்காரன் கேட்டான். அன்றைக்கு டிராயிங் பீரியட் அறிவியல் பீரியடாகிவிட்டது, நான் தடுக்கவில்லை.

வெளியே கூட்டிப்போகும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. செந்தட்டியைத் தொட்டால் அன்றைக்குப் பாடம் அழுகையில் முடியும். பிள்ளைகளுக்கு அந்தச் செடி நம்மைவிட நன்றாகத் தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள். அரளி வேண்டாம், எருக்கம்பாலும் வேண்டாம், பார்த்தீனியம் சிலருக்கு அரிக்கும். காட்டெருமை நடமாட்டம் உள்ள பக்கம் போகவே வேண்டாம், வேலிக்குள் இருப்பது போதும். ஆனால் உன்னிச்செடியை இஷ்டத்துக்குப் பறிக்கலாம். காடு முழுக்கப் பரவிக் கெடுத்துக்கொண்டிருக்கும் செடி, பறிப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. அதன் இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், தேய்த்து எடுக்க அருமையாக இருக்கும். பூக்கொத்தில் நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் இன்னொரு நிறம்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும், எனக்கும் வந்தது. பிள்ளை மலையை நீலமாகத் தீட்டினால் திருத்தலாமா? சேலத்துப் பள்ளியில் சேர்வராயனை வரையச் சொன்னால் பாதிப் பேர் நீலமோ சாம்பலோ போடுகிறார்கள். இங்கே மேலே வரையச் சொன்னால் எல்லாரும் பச்சை. இரண்டும் சரி. நடுவில் இருக்கும் காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது, அதனால் தூரத்து மலைமேல் ஒரு நீலத் திரை விழுந்தது போலத் தெரியும். பச்சைமலை என்று சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்பதற்காகக் கண்ணால் பார்த்த நீலத்தை அழிக்கச் சொல்வது அநியாயம். தயவுசெய்து பிள்ளையின் படத்தின் மேல் சிவப்பு மையால் எதையும் போடாதீர்கள். டிக்கும் வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப்போனால் அம்மாவின் கண் முதலில் உங்கள் டிக்கைத்தான் பார்க்கும்.

"இதெல்லாம் டிராயிங் டீச்சர் வேலை, எங்களுக்கு எண்ணும் எழுத்தும் முடிக்கவே நேரமில்லை" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. நியாயம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் பள்ளிக்குத்தான் ஓவியத்துக்கென்று பகுதி நேர ஆள். தொடக்கப் பள்ளிக்கு அதுவும் கிடையாது. மலையில் எத்தனை பள்ளியில் நூறு தேறும்? சில பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்தே இருபது பேர், இரண்டு ஆசிரியர். என்னைப் போன்ற ஒருத்தி அங்கே வரவே போவதில்லை. அந்தப் பிள்ளைகளின் கலை ஆசிரியர் நீங்கள்தான், அதற்கு வேறு யாரும் இல்லை. 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, நல்லதுதான். நானும் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன். ஆனால் அது ஏற்கெனவே நன்றாக வரைபவனைத் தேடிப் பிடிப்பதற்கு. பனியை ரப்பரால் போட்ட பெண்ணை எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை, கேட்டால் தனக்கு வரையத் தெரியாது என்றே சொல்லுவாள்.

வருடத்துக்கு ஆறு பீரியட் கேட்கிறேன். பருவத்துக்கு ஒன்று. நேரம் இல்லையென்றால் தமிழ்ப் பாடத்தில் சொரசொரவை வைத்துக்கொள்ளுங்கள், சூழ்நிலையியலில் இலையை வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் பதினொரு பச்சையை எண்ணுங்கள். வட்டார வள மையத்தில் பயிற்சி வைக்கும்போது அரை மணி நேரம் கொடுத்தால், சாக்பீஸும் பிரவுன் தாளும் நானே கொண்டுவருகிறேன். அந்த நான்கு மரச் சார்ட்டை மட்டும் இறக்கிவிடுங்கள். கிழிக்க வேண்டாம். பின்பக்கம் நல்ல வெள்ளைத் தாள், எதற்காவது ஆகும்.

இப்போது மாசி கடைசி. காப்பிச் செடி மொட்டோடு மழைக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது. அந்த மொட்டை விரியவைக்கும் முதல் பூமழை பெய்த அன்று கரும்பலகை ஓரத்தில் தேதியை எழுதி வையுங்கள். அழிக்க வேண்டாம் என்று கிளாஸ் லீடரிடம் சொல்லிவிடுங்கள். அதிலிருந்து எட்டாவது, ஒன்பதாவது, தப்பினால் பத்தாவது நாள் காலையில் தோட்டமெல்லாம் மல்லிகை வாசம் அடித்துக்கொண்டு வெள்ளைவெளேரென்று நிற்கும். இரண்டு மூன்று நாளில் பழுத்து உதிர்ந்துவிடும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். கரும்பச்சைத் தாளோ, பழைய பிரவுன் அட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கிரேயான் பெட்டியிலும் வெள்ளை மட்டும் முனைகூட மழுங்காமல் முழுசாகக் கிடக்கும். அன்றைக்கு அதைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பஸ்ஸில் வரும் டிராயிங் டீச்சர்,
அம்மாப்பேட்டை, சேலம்.